வளைகுடா வேலை விளம்பரங்களில் ஏஜென்ட்டின் பதிவு எண் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் வரி விளம்பரப் பக்கத்தில், ‘துபாய், குவைத், கத்தாருக்கு வெல்டர், ஃபிட்டர், ஹெவி டிரைவர் தேவை. சாப்பாடு, ரூம் இலவசம். உடனே புறப்படலாம்’ என்ற வகை விளம்பரங்கள் தொடர்ந்து வருகின்றன. கீழே ஒரு செல்போன் எண் இருக்கும். ஆள் எடுப்பவரின் பதிவு எண் இருக்காது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்த எண்ணைத் தராதவரின் விளம்பரத்தைத் தாங்கள் வாங்கக் கூடாது என்று கேட்கவே இந்தக் கடிதம்.

எண் அச்சாகிவிட்டால் மீதியை வாசகரே பார்த்துக்கொள்வார். ‘இ-மைக்ரேட்’ அரசு இணையதளத்தில் பதிவு நடப்பில் உள்ளவர்கள், நிறுத்தி வைக்கப்பட்டவர்கள், காலாவதியானவர்கள் எனத் தனித்தனிப் பட்டியல் உண்டு. பதிவே இல்லாமல் ஆள் பிடிப்பவர்களின் பட்டியலும் அங்கேயே கிடைக்கிறது. பெயரை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடக் கூடாது. இன்னொருவரின் எண்ணைப் போட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால், அலுவலக முகவரியும் தொலைபேசியும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். ‘சென்னை ஆபீசுக்கு இந்தப் பக்கம் நான்தான் ஆள்’ என்று ஊருக்குள் வருகிற சப் ஏஜென்ட்டுக்குச் சட்டத்தில் இடமே இல்லை.

பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 35,400. அதற்கு ரசீது தர வேண்டும். மஞ்சள் விற்ற காசையும் தோட்டத்துப் பத்திரத்தை அடகு வைத்த காசையும் லட்சக்கணக்கில் ரொக்கமாக எண்ணிக் கொடுக்கும் வீடுகளுக்கு இந்த ஒரு தொகை தெரிந்திருந்தாலே போதும், பாதிப் பேர் தப்பிப்பார்கள்.

பெரிய ஆபத்து விசிட் விசாவில் இருக்கிறது. பத்தாம் வகுப்பு தேறாதவரின் பாஸ்போர்ட் இ.சி.ஆர். வகை, அதாவது குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் வகை. வளைகுடாவின் ஆறு நாடுகள் உள்பட 18 நாடுகளுக்கு அவர் வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியின் அனுமதி வேண்டும். அதற்கு வேலை ஒப்பந்தத்தைக் காட்ட வேண்டும், காப்பீடு எடுக்க வேண்டும். சுற்றுலாவுக்குப் போகிறவருக்கு இவை எதுவும் வேண்டியதில்லை. ‘முதலில் விசிட்டில் போ, அங்கே போனதும் மாற்றிக்கொள்ளலாம்’ என்று ஏஜென்ட் சொல்வது இதனால்தான். போய்ச் சேர்ந்தவரிடம் ஒப்பந்தம் இருக்காது; சம்பளம் வராவிட்டால் அந்நாட்டுத் தொழிலாளர் துறையில் காட்ட ஒரு காகிதம் இருக்காது. விசா முடிந்து தங்கினால் அமீரகத்தில் நாளுக்கு 50 திர்ஹாம் அபராதம் ஏறும்.

நம் பக்கத்துப் பையன்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கல். ஐ.டி.ஐ. முடித்துக் கோவைப் பட்டறைகளில் சி.என்.சி., வெல்டிங் பார்ப்பவர்கள் பெரும்பாலும் பத்தாம் வகுப்பு தேறியவர்கள். அவர்களுக்கு அனுமதி தேவையில்லை என்பதால் ஒப்பந்தத்தை எந்த அதிகாரியும் பார்ப்பதில்லை. ஆனால் அவர்களும் விரும்பினால் இ-மைக்ரேட்டில் பதிவு செய்துகொள்ளலாம். வெளிநாடு போகும் தொழிலாளர்களுக்கான ‘பிரவாசி பாரதிய பீமா யோஜனா’ அரசுக் காப்பீட்டிலும் சேரலாம்: இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய், வரி தனி. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமாகி வேலை போனாலோ 10 லட்சம் கிடைக்கும்.

ஒப்பந்தம் கைக்கு வந்ததும் மொத்தச் சம்பளத்துக்கு முன்னால் ‘பேசிக்’, அதாவது அடிப்படைச் சம்பளம், எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அமீரகச் சட்டப்படி ஓராண்டு முடித்தவருக்கு, முதல் ஐந்து ஆண்டுகள் வரை ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் பணிக்கொடையாக வர வேண்டும். மொத்தம் 1,800 திர்ஹாம் என்று இரண்டு கம்பெனிகள் சொல்லலாம். பேசிக் 1,500 என்றால் ஆண்டுக்கு 1,050 திர்ஹாம் சேரும். பேசிக் 800 என்றால் 560தான். ஓவர்டைமும் பேசிக்கை வைத்தே கணக்கிடப்படும். அங்கே பணி வழங்கும் கடிதத்தைத் தமிழிலும் கேட்டுப் பெறலாம், கூச்சப்பட வேண்டாம்.

விசாவில் எழுதியுள்ள வேலையும் சொன்ன வேலையும் ஒன்றா என்பது அடுத்தது. வெல்டருக்கு ‘லேபர்’ என்று விசா அடித்தால் சம்பளமும் லேபர் சம்பளமாகிவிடும். சவுதிக்குப் போகும் வெல்டர், எலக்ட்ரீசியன், பிளம்பர் போன்றோருக்கு இந்தியாவிலேயே திறன் தேர்வு உண்டு. நாமக்கல், சங்ககிரி லாரி ஓட்டுநர்கள் கவனிக்க: நம் ஹெவி லைசென்ஸை வைத்து அங்கே போனதும் வண்டி எடுக்க முடியாது. அந்நாட்டு லைசென்ஸ் வாங்கும் செலவு யாருடையது, அது கைக்கு வரும்வரை சம்பளம் உண்டா என்பதை எழுத்தில் வாங்காவிட்டால் பல மாதச் சம்பளம் அதிலேயே போய்விடும்.

விசாவுக்கான மருத்துவப் பரிசோதனையில் பலர் தவறிவிடுவது மார்பு எக்ஸ்ரேயில். குணமாகிவிட்ட காசநோயின் தழும்பு தெரிந்தாலே ‘அன்ஃபிட்’ ஆகலாம். ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டும் முன்பே உள்ளூரில் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது சில நூறு ரூபாயோடு முடியும்.

பெட்டி கட்டும் அம்மாக்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கோழிக் குழம்புக்கென்று அரைத்துக் கொடுக்கும் மசாலாவில் கசகசா சேர்க்காதீர்கள். வளைகுடா நாடுகளில் அது போதைப்பொருள் கணக்கில் வரும். விமான நிலையத்திலேயே கைதாகிச் சிறைக்குப் போக நேரும். கோடீன் கலந்த இருமல் மருந்தும் டிரமடால் வலி மாத்திரையும் அப்படியே.

விளம்பரப் பக்கத்தின் மேல் ஓரத்தில் இரண்டு எண்களையும் தாங்கள் கட்டமிட்டு வெளியிட வேண்டும். வெளிநாடு போகும் இந்தியர்களுக்கான அரசு உதவி மையமான பிரவாசி பாரதிய சகாயதா கேந்திரத்தை இந்தியாவிலிருந்து அழைக்கக் கட்டணமில்லா எண் 1800 11 3090. அமீரகத்தில் இருப்பவர்கள் அழைக்க 800 46342.

இப்படிக்கு,
தொழிற்பயிற்சி ஆசிரியர்கள் சிலர்,
திருச்செங்கோடு.