காந்தியின் கல் எங்கே?

ஐயா,

தலைவர்கள் விரும்பிய சோப்பு, வாசனைத் திரவியங்கள் பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். நெப்போலியன் கொலோன் நீரைப் புட்டி புட்டியாகக் கவிழ்த்துக்கொண்ட கதைக்கு அரைப்பக்கம். சோப்பை ஒதுக்கிவிட்டு, சீடர் மீராபென் தந்த கல்லால் தேய்த்துக் குளித்த காந்திக்கு ஒரு வரிகூட இல்லை!

மைசூர் சந்தன சோப்பையும் விட்டுவிட்டீர்கள். முதல் உலகப் போரால் ஏற்றுமதி தடைபட்டுச் சந்தனக்கட்டைகள் குவிந்து கிடந்தபோதுதான், மைசூர் மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையாரும் திவான் விஸ்வேசுவரய்யாவும் அவற்றை எண்ணெயாக வடிக்க முனைந்தார்கள். சோப்பு அதன் வழியே பிறந்தது.

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டில் அந்தச் சோப்பு விருந்தாளிகளுக்கு மட்டும்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டு வரும் அப்பாவுக்குத் துணி துவைக்கும் பார் சோப்பு. அதையும் அம்மா நூலால் அறுத்துத் துண்டு துண்டாகத்தான் தருவார். சந்தன சோப்பின் காலி அட்டைப்பெட்டியோ டிரங்குப் பெட்டியில், அம்மாவின் கூறைப்புடவை மடிப்புக்குள் வருடக்கணக்கில் கிடக்கும். தீபாவளியன்று அதைத் திறந்தால் மைசூர் மகாராஜாவே எங்கள் சந்துக்குள் நுழைந்துவிட்டதுபோல் இருக்கும்.

– ஒரு வாசகர், சென்னை-21