கரிசலுக்கு எந்த டயர்?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கு அனைவரும் நலம். அம்மா உன்னை மிகவும் விசாரித்தார்கள். உன் கடிதங்களுக்குப் பதில் எழுதாமல் இருந்ததற்கு வாத்தியார் வீட்டுக் கல்யாண வேலைதான் காரணம். அந்தக் கதையை நேரில் சொல்கிறேன். கார்த்திகையில் நீ சைக்கிளோடு வரப்போவதாகவும், சேற்றில் ஓட்டுவதற்கென்றே 2.4 அங்குல டயர் வாங்கப்போவதாகவும் எழுதியிருந்ததைப் படித்த பிறகு தாமதிக்க மனம் வரவில்லை. இன்னும் பணம் கட்டவில்லை என்றால் தயவுசெய்து நிறுத்தி வை. எதை வாங்கினாலும் பெரியதாகவே பார்க்கும் உன் குணம் பரோட்டாக் கடை நாள்களிலிருந்தே நமக்குத் தெரியும். ஆனால் இந்த விஷயத்தில் அது உதவாது.

அகலமான டயருக்குப் பிடிமானம் அதிகம் என்பது காய்ந்த தரைக்கும் மணலுக்கும் சரி. மேலே குழைவாகவும் அடியில் கெட்டியாகவும் இருக்கும் சேற்றில், ஒடுக்கமான டயர்தான் குழைவை அறுத்துக்கொண்டு இறங்கிக் கெட்டித் தரையைப் பிடிக்கும்; அகன்றது மேலேயே மிதந்து வழுக்கும். அதைவிடப் பெரிய தொல்லை, டயருக்கும் ஃபிரேமுக்கும் இடையே உள்ள இடைவெளி. போன ஐப்பசியில் திருமங்கலத்துக்குத் தெற்கே கரிசல் பாதையில் என்னுடன் வந்த தம்பி ஒருவரின் சைக்கிளில், காய்ந்த புல்லும் கருவேல இலையும் கலந்த சேறு முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் உட்புறத்தில் களி உருண்டையைப் போல இறுகி, சக்கரம் சுற்றாமல் நின்றுவிட்டது. குச்சியால் குத்தி எடுத்துவிட்டுப் பத்தடி நகர்வதற்குள் மறுபடியும் அடைத்துக்கொண்டது. கடைசியில் தார்ச்சாலை வரை சைக்கிளைத் தோளில் சுமந்துதான் வந்தார்.

ஆகவே உன் சைக்கிளுக்கு 2 அங்குலத்தை ஒட்டிய அகலமே போதும். டயரின் பட்டன்கள், அதாவது மேலே துருத்தி நிற்கும் ரப்பர்க் கட்டிகள், உயரமாகவும் ஒன்றுக்கொன்று நன்றாகத் தள்ளியும் இருக்க வேண்டும். அப்போதுதான் சக்கரம் சுழலும்போது இடையில் சிக்கிய மண் தானாகத் தெறித்து விழும். நெருக்கமான குட்டைப் பட்டன்களுக்கு நடுவே மண் நிரம்பிவிட்டால், பிறகு அது வழவழப்பான டயர்தான். இதற்காக மேக்ஸிஸ் வெட்ஸ்கிரீம் போன்ற முழுச் சேற்று டயருக்கும் போய்விடாதே. அதன் கூர்மையான நீண்ட பட்டன்கள் ஆழமான சேற்றுக்கானவை. யானைமலை பக்கத்துப் பாறையில் ஏறினால் மடங்கி நெளியும். நம் ஊரில் ஒரே காலையில் செம்மண், சரளை, ஈரப்பாறை எல்லாம் வந்துவிடுகின்றன. மேலூர் பக்கத்துச் செம்மண்ணுக்கு நடுத்தர உயரப் பட்டன்களே பொருத்தம். முன் டயருக்கு மென்மையான ரப்பர் எடு, ஏனென்றால் முன்சக்கரம் வழுக்கினால் ஆளையே தள்ளிவிடும். பின் டயர் சற்றுக் கடினமாக இருக்கட்டும். ஊரைத் தாண்டுவதற்குள்ளேயே தார்ச்சாலை மென்மையான ரப்பரைத் தின்றுவிடும்.

முடிந்தால் உள்ளே டியூப் இல்லாமல் ஓடும் டியூப்லெஸ் ஆக்கிக்கொள். கல்லில் மோதும்போது ரிம்முக்கு இடையில் டியூப் நசுங்கிக் கிழியுமோ என்ற பயமின்றிக் காற்றைக் குறைக்கலாம். உன் எடைக்கு 22 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் தொடங்கிப் பார். வேலிக்கருவை முள்ளுக்கும், டயருக்குள் ஊற்றும் ஓட்டை அடைக்கும் திரவமான சீலன்ட்தான் மருந்து, ஆனால் நம் வெயிலில் அது சீக்கிரமே உலர்ந்துவிடும், புறப்படும் முன் சோதித்துக்கொள்.

ஒன்றை மட்டும் எந்த டயராலும் சரிசெய்ய முடியாது. மழை விட்டு இரண்டொரு நாளில் பாதி காய்ந்த நிலையில்தான் கரிசல் மிக மோசமாக ஒட்டும். அந்த நாள்களில் அங்கே போகவே வேண்டாம். கண்மாய் நிரம்பியிருக்கும்போது கரைமேல் ஓட்டுவதற்கும் நான் சம்மதிக்க மாட்டேன். ஈரக் கரையில் டயர் கிழிக்கும் தடத்தில் மழைநீர் இறங்கி ஓடத் தொடங்கினால் மண் அரிக்கும். அந்தக் கரையை நம்பிக் கீழே நெல் நிற்கிறது. நாம் பொழுதுபோக்குக்கு வருகிறவர்கள், அவர்களுக்கு அது சாப்பாடு. அழகர்கோவில் பக்கத்துச் சரளைப் பாதைகளில் தண்ணீர் சீக்கிரம் வடிந்துவிடும், மழை நாளில் அந்தப் பக்கமே போவோம்.

இப்போதுள்ள டயரின் பக்கவாட்டில் 54-622 என்பதுபோல் ஓர் எண் (டயரின் அகலமும் ரிம்மின் விட்டமும், மில்லிமீட்டரில்) அச்சிட்டிருக்கும். அதையும், டயருக்கும் ஃபோர்க்குக்கும், டயருக்கும் பின் ஃபிரேமுக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது என்பதையும் அளந்து உடனே எழுது. மேல்புறத்தையும் சேர்த்து அளக்க வேண்டும். சுற்றிலும் 10 மில்லிமீட்டராவது இடைவெளி விடாத டயரை நான் வாங்கவிட மாட்டேன்.

அன்புடன்,
உன் பங்காளி