'என்னமோ பண்ணுது' என்பவருக்கு எதற்குப் பச்சை அட்டை?

அவசர சிகிச்சைப் பிரிவின் விதிகளை வகுக்கும் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். "தெளிவான புகார் இல்லாதவர்கள்" எல்லோருக்கும் டிரையாஜில், அதாவது யாரை முதலில் பார்ப்பது என்று தரம்பிரிக்கும் இடத்தில், 'அவசரமில்லை, காத்திருக்கலாம்' என்னும் பச்சை அட்டை கொடுத்து உட்காரவைக்கச் சொல்லும் உங்கள் சுற்றறிக்கை வந்து சேர்ந்தது. கூட்டம் எவ்வளவு, படுக்கை எத்தனை என்பது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அதைப் பேச இந்த மடல் இல்லை. நாங்கள் கேட்பது ஒன்றுதான்: அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள்.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருபவருக்கு வழி இருக்கிறது. பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி, பிறகு இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் டிரோபோனின் ரத்தப் பரிசோதனை, நேரே உள்ளே. "என்னமோ பண்ணுது", "கை காலெல்லாம் ஓஞ்சு போச்சு", "ரெண்டு நாளா சாப்பாடே இறங்கல" என்று வருபவருக்கு ஒரு நாற்காலி. சர்க்கரை நோயாளிக்கும் முதியவருக்கும் மாரடைப்பு நெஞ்சுவலியே இல்லாமல் வரும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. இப்படிப் பொத்தாம்பொதுவான புகாரோடு வந்தவர்களைத்தான் 2010இல் வெளியான, சுவிட்சர்லாந்தின் பாசல் நகர ஆய்வு பின்தொடர்ந்து பார்த்தது. பெரும்பாலோர் முதியவர்கள். 30 நாள்களுக்குள் அவர்களில் 59 சதவீதத்தினரிடம் கடுமையான நோய் வெளிப்பட்டது. பச்சை அட்டை இவர்களுக்குத்தான் போகிறது.

ஒரு படிவத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். வயது 79. சோர்வு. ரத்த அழுத்தம் 118/70, நாடித்துடிப்பு 78, வெப்பநிலை 36.9, மூச்சு 18. எல்லாம் சரி, பச்சை. ஆனால் அவருடைய வழக்கமான அழுத்தம் 160. அவருக்கு 118 என்பது சரிவு. இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு நாடி ஓடவேண்டிய அளவுக்கு ஓடாது. முதியவர்கள் பலருக்குக் கிருமித்தொற்று முற்றினாலும் காய்ச்சல் ஏறாது, போதாக்குறைக்கு அக்குளில் வைத்த தெர்மாமீட்டர் குறைத்தே காட்டும். மிச்சமிருப்பது மூச்சு. அந்த 18ஐ யாரும் எண்ணவில்லை. 18 என்று எழுத நோயாளியே தேவையில்லை.

செவிலியர்களைக் குறை சொல்லவில்லை. அழுத்தத்தையும் நாடியையும் ஆக்சிஜனையும் கருவி தானே காட்டிவிடுகிறது. மூச்சை மட்டும் ஒரு மனிதர் நின்று பார்க்கவேண்டும். மணிக்கட்டில் கை வைத்து நாடி பார்ப்பதுபோல் இருந்துகொண்டு, நெஞ்சு ஏறி இறங்குவதை முழுசாக 60 வினாடி எண்ணவேண்டும். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளி மூச்சை மாற்றிவிடுவார். 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கினால் ஒரு மூச்சு தவறினாலே நான்கு தவறும். ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று நீங்கள் வகுத்த கணக்கில் இந்த ஒரு நிமிடம் எங்கே இருக்கிறது? எண்ணினால் 28 வரும். நுரையீரல் தொற்றாக இருக்கலாம், ரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கலாம். எதுவானாலும் அவர் பச்சை இல்லை. அட்டை கொடுத்தபின் மறுபடி யாரும் அளப்பதுமில்லை. பத்து மணிக்கு 118 இருந்த அழுத்தம் ஒரு மணிக்கு 96 ஆனது நாற்காலிக்குத்தான் தெரியும்.

உள்ளே போனாலும் தப்பிப்பது உறுதியில்லை. வயதானவர், சோர்வு, சிறுநீரில் வெள்ளணு; சிறுநீர்த் தொற்று என்று கேஸ் முடிந்தது. வயதான பெண்கள் பலரின் சிறுநீரில் எந்தத் தொந்தரவும் செய்யாமல் கிருமிகள் இருக்கும். அதற்கு ஆன்டிபயாடிக் எழுதிவிட்டால், தயசைடு என்னும் ரத்த அழுத்த மாத்திரையால் ரத்தத்தில் சோடியம் ஆபத்தான 118க்கு இறங்கியிருப்பதை யாரும் தேடமாட்டார்கள். மாதக்கணக்கில் சாப்பிட்ட ஸ்டீராய்டு தீர்ந்துபோய் அப்படியே நிறுத்தியதால் வந்த சோர்வு என்பது மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்த்தால்தான் தெரியும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர் மூன்று வாரம் முன் வழுக்கி விழுந்ததை, கேட்டால்தான் சொல்வார்கள்; மண்டைக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம்.

இவ்வளவும் விட்டுப்போனால் கைகொடுக்க ஒரு சொல் இருக்கிறது: முதுமைத் தளர்ச்சி. முதுமை நேற்று மாலை நாலு மணிக்குத் தொடங்காது, ஐயா. போன வாரம் தானே எழுந்து குளித்தவர் இன்று கட்டிலை விட்டு இறங்கவில்லை என்றால் அதற்குக் காரணம் வேறு. ஆனால் காத்திருப்பு நேரப் பலகை அழகாக ஒளிர்கிறது. நாற்காலியில் சரிந்திருப்பவரின் நேரம் அதில் ஏறுவதில்லை.

கோபம் கொஞ்சம் மீறிவிட்டது, பொறுத்தருளுங்கள். அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்றுதான் மறுபடியும் கேட்கிறோம். எடுக்கும்வரை, பச்சை அட்டைக்கு முன் எண்ணிய மூச்சு, விரல்நுனிச் சர்க்கரை, ஈசிஜி மூன்றையும் கட்டாயமாக்குங்கள். காத்திருப்பவரை மணிக்கொரு முறை அளக்க ஒரு செவிலியரைக் கூடுதலாகத் தாருங்கள். வீட்டுக்கு அனுப்புமுன் பத்தடி நடக்கவைத்துப் பார்க்கவேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். வழக்கமாக நடப்பவர் அன்று நடக்கமுடியாவிட்டால் அனுப்பக்கூடாது. படிவத்தில் "மற்றவை" என்ற கட்டத்தின் பக்கத்தில், "வழக்கத்திலிருந்து எப்போது மாறினார்?" என்று கேட்க இடம் விடுங்கள்.

உங்கள் பதில் வரும்வரை அந்த ஒரு நிமிடத்தை நாங்கள் எடுத்துக்கொள்ளத்தான் போகிறோம். பலகையில் அது தாமதமாகத் தெரிந்தால், நாங்கள் மூச்சு எண்ணிக்கொண்டிருக்கிறோம் என்று கொள்ளவும்.

பணிவுடன்,
அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்கள், செவிலியர்கள்