பிக்கிடாவில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். ஜிம்பாப்வேயில் லித்தியம் கிடைக்கும் அந்த ஊரில், கல்லில் என்ன தனிமம் இருக்கிறது என்று காட்டும் லேசர் கருவியைப் பாறையில் வைத்துக்கொண்டு நிற்கிறாய், பார்க்கவே பெருமையாக இருக்கிறது.

என் ஆய்வகக் காலத்தில் லித்தியம் பார்க்க வேண்டுமென்றால் கல்லைப் பொடித்து, ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் கரைத்து, சுடரில் தெளித்து ஒளியை அளக்கும் ஃபிளேம் போட்டோமீட்டரில் விடுவோம். உன் கருவிக்குச் சில விநாடிகள் போதும். லேசர் பட்ட இடம் பிளாஸ்மாவாகி ஒளிர்கிறது. நான் சுடரில் அளந்த அதே 670.8 நானோமீட்டர் சிவப்புக் கோட்டைத்தான் நீயும் பார்க்கிறாய். கல்லைச் சோதிக்கும் கையடக்க எக்ஸ்ரே துப்பாக்கியால் இது முடியாது, லித்தியத்தின் எக்ஸ்ரே காற்றைத் தாண்டியே வராது. 2023இல் நிலவின் தென்துருவப் பகுதியில் சந்திரயான்-3இன் பிரக்யான் ஊர்தி கந்தகத்தைக் கண்டதும் இந்த முறையில்தான்.

ஆனால் ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பெக்மடைட் என்னும் பெரும்படிகப் பாறையிடம் செல்லாது. லேசர் படும் புள்ளி தலைமயிர் பருமன்தான். அங்கே படிகங்களோ உள்ளங்கை அகலம். லித்தியம் உள்ள பெட்டலைட் கனிமத்தில் பட்டால் லித்தியம் ஆக்சைடு 4 சதவீதத்துக்கு மேல் காட்டும். இரண்டு விரல் தள்ளி குவார்ட்ஸில் பட்டால் ஒன்றுமே இராது. இரண்டுமே பாறையின் தரம் இல்லை. வெயிலிலும் மழையிலும் மக்கிய மேல்தோலைச் சுத்தியலால் உடைத்து, புது முகத்தில் சுடு. தரம் சொல்ல வேண்டியிருந்தால் பொடித்து, வில்லையாக அழுத்தி, பல புள்ளிகளில் சுட்டுச் சராசரி எடு. கருவியின் அளவுத்திருத்தத்துக்கு அந்த ஊர்ப் பாறையிலேயே செய்து, ஆய்வகத்தில் சோதித்த மாதிரிகளை வைத்துக்கொள். இன்னொரு லித்தியம் கனிமமான ஸ்போடுமீனுக்குச் சரிசெய்தது பெட்டலைட்டுக்குப் பொருந்தாமல் போகும்.

அப்புறம், அங்கே கையால் தோண்டிப் பிழைப்பவர்களை மறந்துவிடாதே. பெட்டலைட்டும், லித்தியம் இல்லாத சாதாரணக் கனிமமான ஃபெல்ஸ்பாரும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். ஜிம்பாப்வே அரசு 2022 டிசம்பரில் பதப்படுத்தாத லித்தியம் தாதுவை ஏற்றுமதி செய்யத் தடை போட்டது, சரி. ஆனால் தோண்டியது என்ன கல் என்றே தெரியாதவருக்கு, வாங்குகிறவன் சொல்வதுதான் விலை. யாராவது கல்லோடு வந்து கேட்டால், மேலாளரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு சுட்டுக் காட்டு. லித்தியம் உண்டா இல்லையா என்பதை மட்டும் சொல். சதவீதம் சொல்லாதே, அந்த எண்ணை நம்பி ஒரு குடும்பம் கடன் வாங்கிவிடும்.

லேசர் கண்ணாடியைக் கழற்றாமல் வேலை செய். மாதிரியை விரலில் பிடித்துக்கொண்டு சுடவே சுடாதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு.

அன்புடன்,
அம்மா