தொண்டிப் பக்கம் ஒரு நடை வந்துவிட்டுப் போ

தேவகோட்டை
தை மாதம்

அன்புள்ள உமையாளுக்கு,

வள்ளியம்மை எழுதுவது. உன் கடிதம் பொங்கலுக்கு முதல் நாள் வந்தது. வீடு நிறைய ஆள். எல்லாரும் ஊர் திரும்பி, பதில் எழுத இன்றைக்குத்தான் கை ஒழிந்தது.

பேரன் கடல் பார்க்க வேண்டும் என்கிறான், மே மாச லீவில் கூட்டி வருகிறேன், கன்னியாகுமரியா ராமேஸ்வரமா என்று கேட்டிருக்கிறாய். ராமேஸ்வரத்துக்குப் புண்ணியத்துக்காகப் போவதென்றால் தாராளமாகப் போ. கடல் பார்க்கத்தான் என்றால் மே மாசத்தை விட்டுவிட்டுக் கிறிஸ்துமஸ் லீவில் வா. தொண்டிப் பக்கம் போவோம்.

"தொண்டியா? அங்கே அலையே கிடையாதே, சேறும் கருவாட்டு நாத்தமும்தானே" என்று நீ முகம் சுளிப்பாய். நாம் வளர்ந்த விதம் அப்படி. பூம்புகாரைக் கடல் கொண்டது, அதற்குப் பயந்துதான் நம் நகரத்தார் இந்த வறண்ட செட்டிநாட்டுச் சீமைக்கு வந்தார்கள், வீட்டுக்கு இவ்வளவு உயரமாக மேடை போட்டதும் அந்தப் பயத்தில்தான் என்று ஆயா கதை சொல்லும். பயந்து வந்தவர்களே பிறகு ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கப்பல் ஏறினார்கள் என்பதை மட்டும் அதே மூச்சில் சொல்லாது. ஆகமொத்தம் நமக்குக் கடல் என்றால் ஒன்று பயம், இல்லாவிட்டால் பயணம். பக்கத்தில் சும்மா கிடக்கிற கடலைப் போய்ப் பார்க்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. இப்போது கானாடுகாத்தானில் பழைய செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரர்கள்கூட ஆத்தங்குடித் தரைக்கல்லையும் சுவர்ப் பூச்சையும் தடவிப் பார்த்துவிட்டு நேரே மதுரைக்கோ தஞ்சாவூருக்கோ போய்விடுகிறார்கள். அவர்கள் வியந்து தடவுகிற அந்தச் சுவர்ப் பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால்தானே!

போகிற வழியே பாதிப் பாடம். தேவகோட்டையைத் தாண்டும்வரை உனக்குத் தெரிந்த மண்தான், செம்மண்ணும் செம்பூராங்கல்லும். திருவாடானையை நெருங்க நெருங்க நிறம் மாறிக் கறுப்புக் களியாகிவிடுகிறது. ராமநாதபுரம் மாவட்டத்துக்கே நெற்களஞ்சியம் அந்தப் பக்கம்தான். பெரும்பாலும் மானாவாரி, விதையைத் தூவிவிட்டு ஐப்பசி மழையை நம்பி உட்கார்ந்திருப்பார்கள். இப்போது அறுப்பு நடக்கிறது. திருவாடானைக் கோபுரத்தைக் கடந்து இன்னும் கிழக்கே போனால் வயல் ஓய்ந்து, உவர் பூத்த வெள்ளைத் தரையும் பனையும் சீமைக்கருவேலமும் வந்துவிடும். ஒரு மேடு கிடையாது, ஒரு பாறை கிடையாது. நிலம் எங்கே முடிந்து கடல் எங்கே ஆரம்பிக்கிறது என்று தூரத்திலிருந்து சொல்லவே முடியாது. மூணாறு மலையிலிருந்து மதுரை, சிவகங்கை வழியாக இறங்கி வருகிற கொச்சி நெடுஞ்சாலை தொண்டியில்தான் முடிகிறது. மேற்குக் கடலில் புறப்பட்ட ரோடு கிழக்குக் கடலைப் பார்த்து நிற்கிறது என்று சொன்னால் பேரனுக்குப் பிடிக்கும்.

நான் சொல்ல வந்தது தொண்டியைவிடக் காரங்காட்டைப் பற்றித்தான். தொண்டிக்குத் தெற்கே இருக்கிற மீனவ ஊர். கோட்டைக்கரையாறு அங்கேதான் கடலில் சேர்கிறது. முகத்துவாரத்தில் அலையாத்திக் காடு. பல வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் நடத்தினேன். அலையாத்தி என்றால் பாடத்தில் பிச்சாவரம், மிஞ்சிப் போனால் முத்துப்பேட்டை. நம் வீட்டுக் கொல்லைப்புறம் மாதிரி இவ்வளவு பக்கத்தில் ஒரு காடு இருப்பதை எந்தப் பாடமும் சொல்லவில்லை. வனத்துறை படகு விடுகிறது, துடுப்புப் படகும் உண்டு.

பெரும்பாலும் வெண்கண்டல் மரங்கள். சேற்றுக்குள் காற்று கிடையாது என்பதால் வேர் மூச்சு விடத் தலைகீழாக மேலே வரும். மரத்தைச் சுற்றிப் பென்சில் நட்டு வைத்தாற்போல ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. இலையைப் பறித்து நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்புக் கரித்தது. வேரில் வடிகட்டியது போக உள்ளே வந்துவிட்ட உப்பை இலைதான் வெளியே தள்ளுகிறது. வெயில் நேரத்தில் அது பொடிப்பொடியாகப் படிந்திருப்பது கண்ணுக்கே தெரியும். கரும்பலகையில் எத்தனை தரம் எழுதியிருப்பேன், நாக்கில் பட்டபோது வந்த சந்தோஷம் வேறு!

உமையாள், இந்தக் காட்டைப் பற்றி எல்லாரும் விட்டுவிடுகிற சங்கதி ஒன்று இருக்கிறது. உப்புத் தண்ணீரில் நிற்கிற மரம் என்றுதான் சொல்கிறோம். ஆனால் வெறும் கடல்நீரில் இது குட்டையாகக் காய்ந்து கிடக்கும். வருஷத்தில் சில மாதமாவது ஆற்றுத் தண்ணீர் வந்து உப்பைக் கழுவ வேண்டும், வண்டலைக் கொண்டு வந்து கொட்ட வேண்டும். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? நம் சீமையில் பிறக்கிற ஆறு எல்லாமே சின்ன ஆறு. மணிமுத்தாறு, பாம்பாறு, விருசுழி, கோட்டைக்கரையாறு. மழைக்கு ஓடும், மற்ற நாளில் மணல். வருகிற வெள்ளத்தை ஒரு கண்மாய் பிடித்து, அது நிரம்பிக் கலுங்கு வழியாக அடுத்த கண்மாய்க்கு விட்டு, அதுவும் நிரம்பி அதற்கடுத்ததற்கு விட்டு, கடைசியில் மிஞ்சினதுதான் கடலுக்கு. ராஜசிங்கமங்கலம் கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்பார்களே, அந்த மாதிரிக் கண்மாய்களெல்லாம் குடித்து முடித்த பிறகு வருகிற எச்சம். 'கடலில் போய் வீணாகிற தண்ணீர்' என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். அதைக் கேட்டால் எனக்கு இப்போது கோபம் வருகிறது. வீணாகவில்லை, அந்தச் சேற்றில் இறாலும் நண்டும் குஞ்சு வளர்க்கிறது. தேவகோட்டைச் சந்தையில் நாம் பேரம் பேசி வாங்குகிற நண்டு அந்தக் கணக்கில் வந்ததுதான். மேலே வரத்துக்கால் தூர்ந்து போய், கலுங்கு தாண்டாத வருஷங்கள் கூடிக்கொண்டே போனால் கீழே காடும் வாடும்.

இனி கடலுக்கு வருகிறேன். நம் தொண்டிப் பக்கத்துப் பாக் விரிகுடாவின் சராசரி ஆழமே 10 மீட்டருக்குள்தான். இடுப்பளவு தண்ணீரில் வெகுதூரம் நடந்து போகலாம். பாம்பன்காரர்கள் இதைப் பெண்கடல் என்றும், அந்தப் பக்கத்து மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். அடக்கமாகக் கிடக்கிறதாம். வாடைக்காற்று அடிக்கிற ஐப்பசி கார்த்திகையில் வந்து பார்த்தால் தெரியும் அடக்கம்! இந்தக் கடல் கொந்தளிக்கிறது அப்போதுதான். கச்சான் காற்று வீசுகிற ஆனி ஆடியில் மன்னார்ப் பக்கம் சீறும், நம் பக்கம் தட்டாகக் கிடக்கும். 2004 சுனாமியில் நம் கரை பெரிதாக அடிபடாமல் தப்பியதற்கு இலங்கை குறுக்கே கிடந்ததுதான் காரணம். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது அந்த மறைப்பெல்லாம் உதவவில்லை. வேதாரண்யம் பக்கம் கரையேறிப் புதுக்கோட்டை வரை மரத்தையெல்லாம் சாய்த்துவிட்டுப் போனது உனக்கும் தெரியும்.

அலை இல்லாத இந்தத் தெளிந்த ஆழம் குறைந்த தண்ணீரால்தான் கீழே கடற்புல் வளர்கிறது. அது பாசி இல்லை, வேரும் தண்டும் உள்ள, பூக்கிற செடி. தண்ணீருக்கடியிலேயே மகரந்தச் சேர்க்கை நடக்கும். மீனவர்கள் தாழை என்கிறார்கள். காற்று மாறுகிற நாளில் கரையெல்லாம் பழுப்பாக ஒதுங்கிக் கிடக்கும். நீ குப்பை என்று நினைப்பாய், நினைக்காதே. அந்தப் புல்லை நம்பித்தான் ஆவுளியா, அதாவது கடல்பசு, இங்கே இருக்கிறது. வளர்ந்த ஒன்று நாளைக்கு 30, 40 கிலோ புல் மேயும். பல வருஷத்துக்கு ஒரே ஒரு கன்றுதான் போடும், அதனால்தான் ஒன்று வலையில் சிக்கிச் செத்தால்கூடப் பெரிய நஷ்டம். 2022இல் தமிழ்நாடு அரசு அதிராம்பட்டினத்துக்கும் அம்மாபட்டினத்துக்கும் இடைப்பட்ட கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுக் காப்பகமாக அறிவித்தது. இந்தியாவிலேயே முதல் காப்பகம் அதுதான். போனால் பார்க்கலாம் என்று பேரனிடம் ஆசை காட்டிவிடாதே. மூச்சு விட மூக்கை மட்டும் நீட்டிவிட்டு உள்ளே போய்விடும்; காலமெல்லாம் கடலில் கிடக்கிறவர்களே எப்போதாவதுதான் பார்க்கிறார்கள்.

பறவைகளுக்கு உத்தரவாதம் உண்டு. மார்கழி, தையில் உப்பங்கழிச் சேற்றில் உள்ளான்கள் கூட்டம் கூட்டமாக ஓடும், ஆலாக்கள் வந்து விழுந்து மீன் தூக்கும், யோகமிருந்தால் பூநாரையும் வரும். மே மாசம் வேண்டாமென்று நான் சொன்னதற்கு இதுதான் காரணம். அப்போது வலசைப் பறவைகள் பெரும்பாலும் இராது, வெயில் மட்டும்தான் இருக்கும். தவிர ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம், நாட்டுப்படகு மீன்தான் கிடைக்கும், விலையும் கூட.

எல்லாம் அழகு என்று நான் சொல்லவில்லை. ரோட்டோரம் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது, கரையோரம் இறால் குட்டை வெட்டி அப்படியே கைவிட்ட இடங்கள் உண்டு, பிளாஸ்டிக்கைப் பற்றிப் பேசவே வேண்டாம். எங்க வீட்டில் அவுக ஒரு தரம் வந்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு தூரம்?" என்று காரை விட்டு இறங்கவே இல்லை. அவுகளுக்குத் தேவிபட்டினம் பிடித்தது. நவக்கிரகமாகக் கும்பிடுகிற நவபாஷாணக் கல் ஒன்பதும் கடலுக்குள் நிற்கிறதே, சுற்றி வந்து கும்பிட்டால் ஒரு வேலை முடிந்த திருப்தி. வேண்டுமானால் திரும்பும்போது ஓரியூர் வழியாகவும் வரலாம். 1693இல் பாதிரியார் அருளானந்தரை வெட்டிய பாம்பாற்றங்கரை. அங்கே மணல் சிவப்பாக இருப்பது அவர் ரத்தத்தால்தான் என்று சனங்கள் கையில் அள்ளிக்கொண்டு போகிறார்கள். செம்மண் சீமைக்காரியான எனக்கு அந்தச் சிவப்பு எங்கிருந்து ஆற்றோடு வந்திருக்கும் என்று ஒரு யோசனை உண்டு, அதை அங்கே வைத்துச் சொல்ல மாட்டேன்.

மற்றபடி இங்கே எல்லாரும் சுகம். முட்டுக்கால் வலி அப்படியே இருக்கிறது, படகில் ஏறும்போது மட்டும் எங்கே போகிறதோ தெரியவில்லை. மேலவீதி வீட்டுப் பங்குப் பிரச்சினை இன்னும் தீரவில்லை, நீ வரும்போது நேரில் பேசலாம்.

டிக்கெட் போட்டவுடன் தேதியைச் சொல். காரங்காட்டுப் படகுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும், காலையில் போனால்தான் பறவை. பேரனுக்கு நல்ல ஷூ எதுவும் வாங்கித் தராதே, சேற்றில் இறங்கப் பழைய செருப்பு போதும். மதியத்துக்கு நண்டு நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
வள்ளியம்மை