ஏழைக்கு அந்த நரி என்ன செய்தது?

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் மனசு லேசானது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போட்டுக்கொள். இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்கு உள்ளூருக்கே மாற்றல் கிடைத்துவிட்டது. வீடு மறுபடியும் கலகலப்பாகிவிட்டது.

அப்புறம், ஐரோப்பியப் பழங்கதைகளில் வருகிற தந்திரக்கார ரேனார்ட் நரியை ஏழைகளின் கதாநாயகன் என்று எழுதியிருந்தாய். அதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. 1170களில் பிரான்சில் அந்தக் கதைகள் பாட்டாக வரத் தொடங்கியபோதே நரி ஒரு பிரபு. சொந்தக் கோட்டை உண்டு. வாலால் மீன் பிடிக்கலாம் என்று ஓநாயை நம்பவைத்து, பனிக்கட்டியில் வால் உறைந்து சிக்கிக்கொள்ளச் செய்யும்போது நானும் சிரித்தேன். ஓநாய் பேராசைக்காரன், படட்டும். கோழி என்ன பாவம் செய்தது?

13ஆம் நூற்றாண்டில் ஃபிளாண்டர்ஸில் (இன்றைய பெல்ஜியம் பக்கம்) வில்லெம் என்பவர் டச்சு மொழியில் பாடிய நரிக்கதையை எடுத்துக்கொள். நரி கடித்துக் கொன்ற பெட்டைக்கோழியைப் பாடையில் வைத்துச் சிங்க ராஜாவின் சபைக்குக் கொண்டுவருகிறது சேவல். நரிக்குத் தூக்கு என்று தீர்ப்பாகிறது. சாகப்போகிற நேரத்தில் நரி ஒரு புதையல் கதையை அவிழ்த்துவிட, ராஜாவும் ராணியும் மயங்கிவிடுகிறார்கள். புகார் சொன்ன ஓநாயும் கரடியும் ராஜதுரோகிகளாகி உள்ளே போகிறார்கள். ரோமுக்கு யாத்திரை போகிறேன் என்கிற நரிக்குப் பை தைக்கக் கரடியின் முதுகுத் தோலையே உரிக்கிறார்கள்!

வழித்துணைக்குப் போன முயலை நரி குடும்பத்தோடு தின்றுவிட்டு, தலையை அந்தப் பையில் போட்டு, ராஜாவுக்குக் கடிதம் என்று செம்மறிக்கடாவிடம் கொடுத்தனுப்புகிறது. கடிதம் எழுதியதில் தனக்கும் பங்கு உண்டு என்று கடா சபையில் பெருமை பேசுகிறது. பையைத் திறந்தால் முயலின் தலை. நரியிடம் ஏமாந்தது ராஜாவுக்கு அப்போதுதான் புரிகிறது.

அதற்குப் பிறகு சிறுத்தை செய்துவைக்கிற சமரசம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. ஓநாய்க்கும் கரடிக்கும் நஷ்டஈடாகக் கடாவை மட்டும் கொடுக்கவில்லை. அதன் குலம் முழுவதையும் என்றென்றைக்கும் தின்னக் கொடுத்துவிடுகிறார்கள். அநியாயமாகச் சிறையில் போட்டது ராஜா, விலை கொடுப்பது ஆடுகள். வில்லெமின் கோபமெல்லாம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நரியைக் கொண்டாடினால் இந்த ஆடுகள் நம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும், முருகேசா.

நீ விடமாட்டாய் என்று தெரியும். கண் தேறியதும் பதில் எழுது, அவசரமில்லை. தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
சண்முகம்