முத்தம்மாவை மறக்கலாமா?

ஆசிரியருக்கு,

இந்திய வெளியுறவுப் பணியில் பெண்கள் பற்றிப் பேசும்போதெல்லாம் இன்றைய தூதர்களோடு பேச்சு நின்றுவிடுகிறது. 1949-இல் அந்தப் பணியில் சேர்ந்த முதல் பெண் சி.பி. முத்தம்மாவை யாரும் நினைப்பதில்லை. குடகில் பிறந்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர்.

திருமணம் செய்தால் வேலையை விட்டுவிடுவேன் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் அவரைச் சேர்த்தார்கள். பெண் அதிகாரி திருமணத்துக்கு முன் அரசிடம் எழுத்துபூர்வ அனுமதி பெற வேண்டும். குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சல் என்று அரசு கருதினால் ராஜினாமா செய்யச் சொல்லலாம். இப்படி விதியே இருந்தது. ஆண் அதிகாரிக்குக் குடும்பமே கிடையாது போலும்!

ஹங்கேரியில் தூதராக இருந்தவருக்கே பதவி உயர்வு மறுக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு நடக்கும்போதே அரசு அவசரமாகப் பதவி உயர்வு கொடுத்துவிட்டது. சரி, விஷயம் முடிந்தது என்று நீதிபதி கிருஷ்ண ஐயர் விட்டுவிடவில்லை. 1979 தீர்ப்பில் மனுவைத் தள்ளுபடி செய்தாலும், பாகுபாடான விதிகளைத் திருத்தச் சொல்லிக் கடுமையாகவே எழுதினார்.

அப்புறம் வந்த பெண் தூதர்களுக்கெல்லாம் அது பெரிய உதவி. முத்தம்மா கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. நம் பாடப்புத்தகத்தில் அவருக்கு அரைப் பக்கமாவது ஒதுக்கலாமே?

- ஓய்வுபெற்ற ஆசிரியை, திருச்சி